மண்ணை மேலே ஏற்றும் ஊர்: பூம்பாறையில் ஐந்து நாள்

முதல் நாள், வியாழன்

வத்தலக்குண்டில் பேருந்து மாறும்போது மாசி வெயில் முதுகைச் சுட்டது. மூன்று மணி நேரம் கழித்து கொடைக்கானல் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு ஸ்வெட்டரைத் தேடிப் பையைக் குடைந்துகொண்டிருந்தேன். காரில், பைக்கில் வருபவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். அரசுப் பேருந்தில் வருகிறவனுக்கு அந்த வேலை இல்லை.

கொடைக்கானலில் ஒரு டீ குடித்ததோடு சரி. நான் வந்தது மேல்மலைக்கு. பழனி மலைத்தொடரில் கொடைக்கானலுக்கு மேற்கே உள்ள ஊர்களை மேல்மலை என்றும், கிழக்கே பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கத்தைக் கீழ்மலை என்றும் சொல்கிறார்கள். பூம்பாறை, கூக்கால், மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, போளூர், கிளாவரை எல்லாம் மேல்மலை. இவற்றில் பூம்பாறை கொடைக்கானலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்.

சீட்டு கொடுக்கும்போது நடத்துநர் கேட்டார்: "வியூ பாயிண்டா தம்பி, ஊரா?" ஊர் என்றேன். என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுக் கிழித்துக் கொடுத்தார். மேலே சாலை வளைவில் நின்று படம் எடுத்துவிட்டு அப்படியே மன்னவனூர் போகிறவர்கள்தான் அதிகமாம்.

பேருந்து மோயர் பாயிண்டைத் தாண்டி, பைன் காடுகளுக்குள் வளைந்து வளைந்து போனது. மலையூர் என்றால் ஏறிக்கொண்டே போக வேண்டும் என்று நினைத்திருந்தேன். பூம்பாறைக்கு இறங்க வேண்டியிருக்கிறது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம், பூம்பாறை 1,900 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரு வளைவில் மரங்கள் விலகின. கீழே கிண்ணம் போல ஒரு பள்ளத்தாக்கு. அதன் நடுவில் தகரக் கூரை வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. வீடுகள் முடிகிற இடத்திலிருந்து நான்கு பக்கமும் படிப்படியாகத் தோட்டங்கள் காட்டின் விளிம்பு வரை ஏறிப்போயின.

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் ஒரு வயலுக்கும் அடுத்த வயலுக்கும் ஒரு சாண் உயர வித்தியாசம் இருந்தாலே அது ஒரு செய்தி. இங்கே ஒருவர் தோட்டத்தின் தரை அடுத்தவர் தோட்டத்தின் தலைக்கு மேல் இருக்கிறது. பேருந்து ஊருக்குள் இறங்கும் வரை அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நண்பன் சொல்லிவைத்திருந்த வீட்டில் தங்குகிறேன். அண்ணன், அண்ணி, அண்ணனுடைய அம்மா. பாட்டிக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். "கால கழுவிட்டு அடுப்புகிட்ட வந்து உக்காரு ராசா"ன்னு சொன்னதுதான் முதல் வார்த்தை. இப்போது மூன்று கம்பளிக்குள் இருந்து எழுதுகிறேன்.

இரண்டாம் நாள், வெள்ளி

ஆறு மணிக்கு வெளியே வந்தால் எதிர் வீடு தெரியவில்லை. மேகம் தெருவுக்குள் இறங்கி நிற்கிறது. ஏழரைக்கு அது மெல்ல எழும்ப, முதலில் கோவில் கோபுரம், அப்புறம் கூரைகள், அப்புறம் தோட்டங்கள் ஒவ்வொரு படியாகத் தெரிந்தன. மார்கழி, தையில் இங்கே உறைபனி விழும். புல்நுனியெல்லாம் வெள்ளையாகி, வெயில் பட்டதும் இலை கருகிப்போகுமாம். "பனி அடிச்சா உருளைக்கிழங்குச் செடி வெந்த கீரை மாதிரி ஆயிரும்" என்றார் அண்ணன்.

அவருடைய தோட்டம் ஒன்றரை ஏக்கர். எண்ணிப் பார்த்தேன்: இருபத்தேழு படிகள். அகலமான படியில் ஒரு மாட்டுவண்டியைத் திருப்பலாம். குறுகலான படியில் நான் குறுக்கே படுத்தால் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். டிராக்டர் இங்கே கனவிலும் வராது. எல்லாம் மம்பட்டி வேலை. எரு மூட்டையையும் விளைச்சலையும் குதிரை சுமக்கிறது, குதிரை போக முடியாத இடத்தில் ஆள் சுமக்கிறது. மேல் படிகளில் கேரட், நடுவில் பீன்ஸ், கீழ்ப்பாதி முழுக்கப் பூண்டு. பூண்டின் தாள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. இன்னும் சில நாளில் பிடுங்கிவிடலாம்.

பாட்டி எங்களுக்கு முன்பே வந்து கேரட் பிடுங்கிய ஒரு வெற்றுப்படியில் வேலையை ஆரம்பித்திருந்தார். படியின் கீழ் ஓரத்தில் குனிந்து, கல்கரையை ஒட்டிக் குவிந்திருந்த கறுப்பு மண்ணை மம்பட்டியால் இழுத்து ஒரு கூடையில் நிரப்பினார். கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு படியின் மேல் ஓரத்துக்கு நடந்தார். அங்கே கொட்டினார். திரும்பி வந்தார்.

"எதுக்குப் பாட்டி இத அங்க கொண்டு போறீங்க?"

"அது அங்க இருந்துதானே ராசா வந்துச்சு."

நான் புரியாமல் நிற்பதைப் பார்த்து அண்ணன் விளக்கினார். சரிவில் மண் சும்மா இருக்காது. ஒவ்வொரு மழையும் அதைக் கொஞ்சம் கீழே தள்ளும். மழை மட்டுமில்லை, நாம் கொத்தும் ஒவ்வொரு கொத்தும் தள்ளும். ஏனென்றால் சரிவில் நின்று கொத்துகிறவன் தன்னை அறியாமல் மண்ணைத் தன் கால் பக்கமே இழுக்கிறான். இரண்டு மூன்று போகத்தில் மேல் ஓரம் எலும்பு தெரிவது மாதிரி சிவந்த அடிமண் காட்டும், கீழ் ஓரத்தில் நல்ல மண் குவிந்துவிடும். அந்த ஓரத்தில் பூண்டு பருக்கும், இந்த ஓரத்தில் கோலிக்குண்டாக நின்றுவிடும். அதனால் அடுத்த விதைப்புக்கு முன்னால் மண்ணை மறுபடி மேலே ஏற்ற வேண்டும். அவருடைய அப்பா காலத்தில் ஒரு படி விடாமல் ஏற்றுவார்களாம். இப்போது கூலி கட்டாததால் முக்கியமான படிகளுக்கு மட்டும்.

நானும் கூடை எடுத்தேன். பதினோரு நடை. ஈர மண் என்ன கனம் கனக்கும் என்று எனக்குத் தெரியும், நாற்றங்காலில் சேறு மிதித்தவன்தான். ஆனால் அதைத் தலையில் வைத்து மேல்நோக்கி நடந்தது இல்லை. ஏழாவது நடையில் தொடை நடுங்கியது. பாட்டி நிற்கவே இல்லை.

ஒரு நடையில் மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தேன். பொலபொலவென்று, இலை மக்கிய வாசனையோடு, விரலில் ஒட்டாமல் உதிர்ந்தது. எங்கள் ஊர் வண்டல் இப்படி இருக்காது, அது களி, ஒட்டினால் விடாது. ஆனால் இரண்டுக்கும் உறவு இருக்கிறது. இந்த மலைத்தொடரின் தெற்குச் சரிவுத் தண்ணீர் மஞ்சளாறு, வராகநதி என்று வைகைக்குப் போகிறது. வடக்கே இறங்குகிற குதிரையாறு, சண்முகநதி எல்லாம் அமராவதியில் சேர்கின்றன. அமராவதி கரூரைத் தாண்டிக் காவிரியில் கலக்கிறது. காவிரி எங்கள் ஊருக்கு வருகிறது. இந்த மாதிரிச் சரிவுகளில் யாரோ ஒருவர் பிடிக்க முடியாமல் விட்ட மண் கோடிக்கணக்கான மழைகளில் இறங்கித்தான் நாங்கள் பெருமை பேசும் வண்டல் ஆனது. 1957இல் அமராவதி அணை வந்த பிறகு அந்த ஆற்றின் மண்ணில் பெரும்பகுதி அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது, அது வேறு கதை. பாட்டியிடம் சொன்னேன், "உங்க மண்ணுதான் எங்க ஊருக்கு வந்துச்சு." கூடையை இறக்காமலே, "அப்ப ஒரு லோடு திருப்பி அனுப்பு" என்றார்.

தண்ணீர் விஷயமும் தலைகீழ். எங்களுக்கு வரப்பு என்பது தண்ணீரை நிறுத்த. இங்கே கல்கரையும் ஓர வாய்க்காலும் தண்ணீரைச் சேதமில்லாமல் வழியனுப்ப. பூண்டுப் பாத்தியில் ஒரு நாள் தண்ணீர் கட்டினால் அழுகல்தான்.

பூண்டு ஏன் இங்கே என்று கேட்டேன். பூண்டுக்குக் குளிர் வேண்டும். ஒரு பல்லை ஊன்றினால் அது முளைத்துத் தாள் விடுவது எங்கேயும் நடக்கும். ஆனால் அடியில் கிழங்கு திரண்டு தனித்தனிப் பற்களாகப் பிரிவதற்கு அது சில வாரங்கள் குளிரை அனுபவித்திருக்க வேண்டும். வடஇந்தியாவில் சமவெளியிலேயே அந்தக் குளிர் பனிக்காலத்தில் கிடைத்துவிடுகிறது. தமிழ்நாட்டில் அதற்கு மலை ஏற வேண்டும். "கீழ கொண்டுபோய்ப் போட்டா வெங்காயம் மாதிரி ஒத்தப் பல்லா நிக்கும்" என்றார் அண்ணன். இங்கே வருடத்துக்கு இரண்டு போகம், ஒன்று மே மாதத்தை ஒட்டி, அடுத்தது நவம்பரை ஒட்டி. நட்டு நாலு, நாலரை மாதத்தில் அறுவடை. சிங்கப்பூர் பூண்டு, மேட்டுப்பாளையம் பூண்டு என்று இரண்டு ரகப் பெயர்கள் புழக்கத்தில் இருக்கின்றன.

இரவு அடுப்படியில் உட்கார்ந்தபோது மேலே பார்த்தேன். அடுப்புக்கு மேல் மூங்கில் கழி கட்டி, அதில் தாளோடு முடிந்த பூண்டுக் கொத்துகள் வரிசையாகத் தொங்கின. கூரை, கழி, கொத்து எல்லாம் புகையேறி ஒரே காப்பி நிறம். விதைப்பூண்டாம். அண்ணி ஒன்றை இறக்கிக் கையில் கொடுத்தார். எடை ஒன்றுமில்லை, ஒரு சின்ன எலுமிச்சம்பழ அளவு, இருபது முப்பது கிராம் வரும். வெளித்தோல் புகை பிடித்துச் சருகாகக் கிடந்தது. அதை உரித்தேன். அடுத்த தோல் சற்று வெளுப்பு. அதையும் உரித்ததும் உள்ளே எட்டுப் பல், இளமஞ்சள் கலந்த வெள்ளை, இன்றைக்குப் பிடுங்கியது போல இறுக்கமாக. இது போன புரட்டாசியில் பிடுங்கிய பூண்டு. நகத்தால் கீறியதும் வந்த நெடியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகை கழுத்துப் பகுதியை நன்றாகக் காயவைத்து, பூஞ்சையையும் பூச்சியையும் அண்டவிடாமல் செய்கிறது. இப்படி வைத்தால் ஒரு வருடம்கூடக் கெடாதாம்.

வீட்டில் கேஸ் அடுப்பும் இருக்கிறது. சோறு, குழம்பு அதில்தான். இந்த விறகு அடுப்பு குளிருக்கும் வெந்நீருக்கும் பூண்டுக்கும். "இத இடிச்சுட்டு டைல்ஸ் போடலாம்னு எம்மகன் சொல்றான். வெதப்பூண்ட எங்க கட்டுவேன்னு கேட்டேன், பேச்சில்ல" என்றார் பாட்டி.

மூன்றாம் நாள், சனி

உடம்பில் கழுத்துக்குக் கீழே எல்லா இடமும் வலி. தோட்டத்துக்குப் போகாமல் கோவிலுக்குப் போனேன்.

குழந்தை வேலப்பர் கோவில் ஊரின் நடுவில் இருக்கிறது. பழனி தண்டாயுதபாணி கோவில் தேவஸ்தானத்தின் உபகோவில். பழனி மூலவரைச் செய்த போகரே இந்தச் சிலையையும் செய்தார் என்பது ஊரின் நம்பிக்கை. பழனிச் சிலை ஒன்பது பாஷாணச் சரக்குகளின் கலவை, இங்கே பத்து என்று சொல்கிறார்கள். பெயருக்கு ஒரு கதை உண்டு. அருணகிரிநாதர் இந்த மலைக்கு வந்து இரவு தங்கியபோது ஒரு அரக்கி அவரைக் கொல்ல வந்தாள். முருகன் ஒரு சின்னக் குழந்தையாகி அவர் அருகே படுத்துக்கொண்டான். தாயும் பிள்ளையும் தூங்குகிறார்கள் என்று நினைத்து அவள் போய்விட்டாள். அதிலிருந்து குழந்தை வேலப்பர். இருட்டிய காட்டில் தனியாகத் தங்கியவனின் பயம் இந்தக் கதைக்குள் அப்படியே இருக்கிறது. நேற்று இரவு மேகம் இறங்கிய தெருவில் நடந்த பிறகு எனக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துப்போனது.

இங்கே தேருக்கு முன்னாலும் வடம், பின்னாலும் வடம். சரிவான தெருவில் முன்னால் இழுப்பவர்கள் மட்டும் இருந்தால் தேர் அவர்கள் மேலேயே ஓடிவிடும். அதனால் ஒரு கூட்டம் இழுக்கும், இன்னொரு கூட்டம் பின்னால் பிடித்து நிறுத்தும். திருவாரூர்த் தேர் பார்த்து வளர்ந்தவன் நான். முட்டுக்கட்டை போடுகிறவர்களின் திறமை எனக்குத் தெரியும். ஆனால் ஊரில் பாதிப்பேர் பின்வடத்தைப் பிடிப்பதைத் திருவிழா நாளில் வந்து ஒருமுறை பார்க்க வேண்டும்.

கோவில் திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவர் ஊர்க்கதை சொன்னார். படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

கொடைக்கானல் என்ற நகரத்துக்கு வயது இருநூறுகூட இல்லை. 1821இல் லெப்டினன்ட் வார்டு என்ற ஆங்கிலேய நில அளவை அதிகாரி இந்த மலையை அளக்க ஏறி வந்தார். 1845இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் கோடைக்கு ஒதுங்க இரண்டு வீடு கட்டினார்கள். ஏரி வெட்டியது 1863. ஆனால் மேல்மலை ஊர்களில் அதற்கு முன்பே உழவு நடந்துகொண்டிருந்தது. இந்த மலையில் பழையவர்கள் பளியரும் புலையரும். பிறகு கொங்குச் சமவெளியிலிருந்து குன்னுவர் என்ற வேளாண் சமூகத்தார் பல நூற்றாண்டுகளுக்கு முன் ஏறி வந்ததாக வழிவழியாகச் சொல்கிறார்கள். அவர்களுடைய தலைவருக்கு மன்னாடியார் என்று பெயர். பஞ்சமும் சண்டையும் துரத்த, கீழே வாழ முடியாதவர்கள் மேலே வந்து காடு திருத்தினார்கள். "ஓடி வந்தவங்கதான் தம்பி நாங்க. மல யாரையும் தொரத்தாது" என்றார் பெரியவர்.

இன்னும் பின்னால் போனால், புறநானூற்றிலேயே கோடைமலைத் தலைவன் கடிய நெடுவேட்டுவன் வருகிறான். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் ஆண்டது பழனியைச் சுற்றிய நாடு. கீழ்மலையில் தாண்டிக்குடிப் பக்கம் பெருங்கற்காலக் கல்திட்டைகள் இன்னும் நிற்கின்றன. கொடைக்கானலை வெள்ளைக்காரர்கள் 'கண்டுபிடித்தார்கள்' என்று எழுதுவதை நாம் நிறுத்திக்கொள்ளலாம். அவர்கள் வந்தபோது இங்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

1916 வாக்கில் வத்தலக்குண்டுப் பக்கமிருந்து மலைச்சாலை வரும்வரை கொடைக்கானலுக்குப் பெரிய வழி பெரியகுளம் பக்கமிருந்து ஏறும் நடைபாதைதான். துரைகளை நாற்காலியில் வைத்துச் சுமந்து வந்ததும் அந்த வழியில்தான். சாலை வந்து நூறு வருடம் ஆகியும் மேல்மலைப் பூண்டு இன்றும் பெரியகுளத்தை ஒட்டிய வடுகபட்டிச் சந்தைக்கே இறங்குகிறது.

மாலையில் ஊருக்கு மேலே காட்டு ஓரம் வரை நடந்தேன். காடு என்றாலும் பாதிக்கு மேல் நட்ட காடு. உச்சியில் புல்வெளியும் மடிப்புகளில் சோலையுமாக இருந்த மலையில், பைன், தைலமரம், வேட்டில் என்று வெளிநாட்டு மரங்களை நட்டுப் புல்வெளியை மூடினார்கள். விடுதலைக்குப் பிறகு ஆலைகளுக்காக இது பெரிய அளவில் நடந்தது. பெரியவர் இதை வருத்தத்தோடு சொன்னார். புல்வெளி பஞ்சு மாதிரி மழையை வாங்கி மெல்ல ஓடைக்கு விடும். ஊருக்கு மேலே இருந்த சில ஊற்றுகள் அவர் சிறுவயதில் சித்திரையிலும் ஓடினவாம். புல் போனதால் காட்டுமாடு தோட்டத்துக்கு இறங்குகிறது. வழியில் ஒரு தோட்டத்தின் வேலியில் பழைய சேலைகளைக் கொடி கொடியாகக் கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் இரண்டு படி கேரட் மிதிபட்டுக் கிடந்தது. குளம்புத் தடம் என் உள்ளங்கை அளவு.

குறிஞ்சி எங்கே என்று கேட்டேன். 2018இல் பூத்தது, இனி 2030. பெரியவர் தன் வயதை அதிலேயே கணக்குச் சொன்னார்: "அஞ்சு தடவ பார்த்துட்டேன். ஆறாவதும் பார்ப்பேன்."

நான்காம் நாள், ஞாயிறு

மன்னவனூருக்கும் கிளாவரைக்கும் பேருந்தில் போய்வந்தேன். சுற்றுலாக்காரர்கள் கூட்டம், அதனால் சுருக்கமாக.

மன்னவனூரில் மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இயங்குகிறது. பாரத் மெரினோ என்ற கம்பளி ஆடுகளைப் புல்மேட்டில் பார்க்கலாம். அந்தப் புல்மேட்டைப் பார்த்த பிறகுதான் நேற்றுப் பெரியவர் சொன்ன பழைய மலை எப்படி இருந்திருக்கும் என்று கண்ணில் வந்தது.

கிளாவரை கடைசி நிறுத்தம். அங்கே சாலை முடிகிறது, மலை முடியவில்லை. வரப்பு மாதிரி ஒரு முகடு தாண்டினால் கேரளம், இடுக்கி மாவட்டத்து வட்டவடை. அங்கே உழுகிறவர்களும் தமிழ் பேசுகிறவர்கள், அதே படித்தோட்டம், அதே பூண்டு. 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வருடம்தான் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும். 2023இல் காந்தளூர் வட்டவடைப் பூண்டுக்கும் கிடைத்தது. ஒரே மலையின் இரண்டு தோளில் இரண்டு பட்டயம். கிளாவரை டீக்கடையில் ஒரு அக்கா, "எங்க சின்னம்மா அந்தப் பக்கம்தான் வாக்கப்பட்டாங்க. நடந்தே போயிட்டு வருவோம்" என்றார்.

திரும்பும்போது மழைத் தூறல். பேருந்து சன்னலில் பூம்பாறைப் படிகள் தெரிந்ததும் ஊர் வந்துவிட்டது என்று மனசு சொன்னது. நான்கே நாளில்!

ஐந்தாம் நாள், திங்கள்

தூறல் பயத்தில் அண்ணன் இரண்டு நாள் முன்னதாகவே பூண்டு பிடுங்க முடிவெடுத்துவிட்டார். விடிந்ததும் அக்கம்பக்கத்திலிருந்து எட்டுப் பேர் வந்துவிட்டார்கள். நாளை மறுநாள் இவர்கள் தோட்டத்துக்கு அண்ணனும் அண்ணியும் போவார்கள்.

பூண்டு பிடுங்குவதில் ஒரு பக்குவம் இருக்கிறது. தாளை நேராக இழுத்தால் அறுந்து கையோடு வரும், பூண்டு மண்ணுக்குள் தங்கிவிடும். களைக்கொத்தியால் பக்கத்து மண்ணை ஒருமுறை நெம்பிவிட்டு, தாளை அடியோடு பிடித்துக் கொஞ்சம் சாய்த்து எடுக்க வேண்டும். வேரில் ஒரு பிடி மண் வரும். அதை உதறும்போது அண்ணி உடம்பை மேல்பக்கம் திருப்பி உதறினார். பக்கத்துப் பெண்ணும் அப்படியே. எட்டுப் பேரும் அப்படியே செய்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. வேரிலிருந்து உதிர்ந்த மண் படியின் மேல் ஓரத்தில் விழுந்தது.

மதியம் வரை பிடுங்கி, தாளோடு பரப்பி, தூறல் விட்ட இடைவெளியில் வெயில் காட்டினார்கள். அப்புறம் இருபது இருபதாக முடிந்து கொத்துக் கட்டினார்கள். விற்பனைக்கு ஒரு பகுதி, விதைக்கு ஒரு பகுதி. விதைக்குப் பாட்டிதான் தேர்ந்தெடுக்கிறார். ஒவ்வொன்றையும் எடுத்து, கட்டைவிரலால் அடியை அழுத்தி, பற்கள் இறுகியிருக்கிறதா என்று பார்த்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போட்டார். பெரிதாகப் பளபளப்பாக இருந்த சிலதை விற்பனைக் குவியலில் போட்டபோது ஏன் என்று கேட்டேன். "இது பாக்கத்தான் பெருசு. பல்லு கொறச்சல்" என்றார்.

விலையைப் பற்றியும் பேச்சு வந்தது. 2024 தொடக்கத்தில் நாடு முழுக்கப் பூண்டு விலை ஏறி, தமிழ்நாட்டில் சில்லறையில் கிலோ 400 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். அந்த வருடம் கையில் காசு நின்றது என்றார் அண்ணன். அதைப் பார்த்து எல்லோரும் பூண்டு போட்டால் அடுத்து விலை இறங்கும். அதைவிட அவருக்கு உறுத்துவது வேறு. இமாச்சலப் பூண்டு பெரிது பெரிதாக வந்து இறங்குகிறது, கடைகளில் அதற்கும் 'மலைப்பூண்டு' என்றே பெயர். அது மோசமான பூண்டு இல்லை, அதுவும் மலையில் விளைந்ததுதான். ஆனால் வாங்குகிறவர் கொடைக்கானல் பூண்டு என்று நினைத்து வாங்குகிறார். முன்பு ஒரு மண்டியில் இவருடைய பூண்டையே அந்தப் பெரிய பூண்டோடு கலந்து மூட்டை கட்டியதை இவர் கண்ணால் பார்த்திருக்கிறார். "நான் வளர்த்த பிள்ளைக்கு அடுத்தவன் பேர வச்ச மாதிரி இருந்துச்சு" என்றார். புவிசார் குறியீடு வந்தது நல்ல காரியம். அது சட்டப்படி பெயரைக் காப்பாற்றும். ஆனால் குவியலில் கை விட்டு, சின்னதாக, புகை மணத்தோடு, தோல் இறுகி இருப்பதைக் கேட்டு வாங்குகிற ஆள் வேண்டும். இதைப் படிக்கிறவர்கள் அடுத்த முறை அப்படிக் கேளுங்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்று மணிப் பேருந்து. பாட்டி அடுப்படிக்குள் போய், கழியிலிருந்து போன போகத்துக் கொத்து ஒன்றை இறக்கி, ஒரு பழைய துண்டில் சுற்றிக் கொடுத்தார். பிளாஸ்டிக் பையில் போடாதே, வியர்த்துவிடும் என்றார். வீட்டில் எங்கே கட்டுவாய் என்று கேட்டார். எங்கள் வீட்டில் விறகு அடுப்பு இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்தார். "அப்ப காத்தோட்டமா எங்கயாவது தொங்கவிடு. சீக்கிரம் தின்னுரு."

நாலு பல்லை எங்கள் கொல்லையில் ஊன்றிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். ஒற்றைப் பல்லாக நின்றாலும் பரவாயில்லை.

"ஊனு. வந்துச்சுன்னா போன் போட்டுச் சொல்லு."

பேருந்து ஏறி மேல் வளைவுக்கு வந்தபோது, வியூ பாயிண்டில் ஐந்தாறு கார்கள் நின்றன. எல்லோரும் கீழே பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சன்னல் வழியாக அண்ணனுடைய தோட்டத்தைத் தேடினேன். இருபத்தேழு படிகளில், பிடுங்கி முடித்த கீழ்ப்பாதி மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. ஒரு படியில் யாரோ குனிந்திருந்தார்கள். அவ்வளவு தூரத்தில் யார் என்று தெரியவில்லை. அப்புறம் அந்த உருவம் நிமிர்ந்து, தலையில் எதையோ வைத்துக்கொண்டு மேல் ஓரத்தை நோக்கி நடந்தது.

வத்தலக்குண்டு வரை பேருந்து முழுக்க அடுப்புப் புகை வாசனை. பக்கத்தில் இருந்தவர் துண்டைப் பார்த்து, "மேல்மலையா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.